இரவல் கால்கள்

உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. பாஷா பாய் ஐந்து நிமிடம் என்றால் அரை மணி என்று வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மணிக்குப் போனது. நான் ஒரு மணியிலிருந்தே இங்கேதான் இருக்கிறேன். அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்தத் தாள் கட்டின் மேலேயே உட்காரலாம். பாய் ஒன்றும் சொல்ல மாட்டார், நாற்பது வருடப் பழக்கம்.

கல்யாணப் பத்திரிகையா? மகளுக்கா? மாப்பிள்ளை ஓசூரா. நல்லது. போகிற இடத்தில் நன்றாக இருக்கட்டும்.

நான் நோட்டீஸ் அடிக்க வந்தேன். நோட்டீஸ் என்றதும் டியூஷன் சென்டர், பல் ஆஸ்பத்திரி என்று நினைத்துவிடாதீர்கள். துண்டறிக்கை. ஐந்நூறு பிரதி, ரோஸ் தாள். எழுபத்தொன்பதிலிருந்து என் அறிக்கை எல்லாம் ரோஸ் தாளில்தான். தூரத்தில் பார்த்ததுமே கஜபதி எதற்கோ கிளம்பிவிட்டான் என்று தெரிந்துகொள்வார்கள். மில் மானேஜர் அந்த நிறத்தைக் கண்டாலே கேட்டைச் சாத்தச் சொல்வார். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். மீதிப் படிப்பெல்லாம் துண்டறிக்கையில் படித்தது. பாதி மற்றவர்கள் எழுதியதைப் படித்தேன், பாதி நானே எழுதிப் படித்தேன்.

என் போன்தான். அடிக்கட்டும். யார் என்று எனக்குத் தெரியும்.

மணி என்ன? நான்கு பத்தா. சரி.

பாய், அந்த புரூஃபை இவரிடம் கொடுங்கள். படியுங்கள், உரக்கவே படியுங்கள். 'இரவல் கால்களுக்கு இங்கே இடமில்லை.' எப்படி இருக்கிறது தலைப்பு? கால்பந்து விஷயம். புளியந்தோப்பு உழைப்பாளர் கால்பந்துக் கழகம், கேள்விப்பட்டதில்லையா? பரவாயில்லை. அறுபத்திரண்டில் மில் தொழிலாளிகள் தொடங்கியது. மில் போய்விட்டது, அந்த இடத்தில் பதினெட்டு மாடி நிற்கிறது. கழகம் இருக்கிறது. நான் அதன் செயலாளர்.

லோன் என்றால் என்ன தெரியுமா? வீட்டு லோன் இல்லை. ஆட்டக்காரனை லோனுக்கு எடுப்பது. பெரிய கிளப் ஒன்று இருக்கிறது, பெயர் வேண்டாம், டிவியில் வருகிறவர்கள், பஸ் முழுக்கப் படம் ஒட்டி ஓட விடுகிறவர்கள். அவர்களிடம் இருபது வயதுப் பையன்கள் முப்பது பேர் இருப்பார்கள். முப்பது பேருக்கும் ஆட இடம் கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்தே துருப்பிடித்துப் போவான்கள். அதனால் சின்ன கிளப்புக்கு ஒரு சீசன் அனுப்பி வைப்பார்கள். சம்பளம் அவர்களுடையது, சோறும் தங்க இடமும் நம்முடையது. பையன் நம் ஜெர்சியைப் போட்டுக்கொள்வான், ஆனால் அவர்கள் ஆள். நினைத்த நாளில் திருப்பிக் கூப்பிட்டுக்கொள்ளலாம். இதனால் நம் கிளப்புக்கு என்ன லாபம்? நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், நான் சொல்கிறேன்.

மில்லில் இதற்குப் பதலி என்று பெயர். நிரந்தரத் தொழிலாளி வராத அன்று அவன் இடத்தில் நிற்கிறவன் பதலி. காலையில் கேட்டுக்கு வெளியே நிற்பான், கூப்பிட்டால் உள்ளே போவான், கூப்பிடாவிட்டால் வீட்டுக்குப் போவான். அந்த முறையை எதிர்த்து முப்பது வருடம் நின்றவன் நான். என் கண் முன்னாலேயே, என் கழகத்துக்குள்ளேயே, பதலியைக் கொண்டு வருகிறான் ஒருவன். அவன் பெயர் வில்சன். கோச். லைசென்ஸ் வாங்கிய கோச். அந்த லைசென்ஸைக் கழுத்தில் மாட்டாத குறை. ஒரு விசில், ஒரு டேப்லெட், வாயைத் திறந்தால் 'டெவலப்மென்ட்'. போன வருடம் ஜூனில் கமிட்டியைக் கூட்டினான். நாம் இரண்டாம் டிவிஷனில் பத்தாவது இடத்தில் இருக்கிறோம், கடைசி மேட்சில் எதிர் டீம் வராததால்தான் தப்பித்தோம், இந்த வருடம் மூன்றாம் டிவிஷனுக்குப் போய்விடுவோம், மூன்று பையன்களை லோனில் எடுத்தால் நிற்கலாம் என்றான். நான் எழுந்து முக்கால் மணி நேரம் பேசினேன். ரஷ்யாவில் ஆரம்பித்து ராயபுரத்தில் முடித்தேன். ஓட்டு எடுத்தார்கள். ஒன்பதுக்கு நான்கு. நான் தோற்றேன். உண்மை பல நேரம் நான்கு ஓட்டில்தான் இருக்கும்.

வந்தார்கள் மூன்று பேர். இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒருவன் கண்ணூர் கோல் கீப்பர், ஒருவன் கோவாக்காரன், பின்னால் நின்று தடுக்கிற பேக். மூன்றாவது மிசோரம் பையன், லால்ரெமா. நடு மைதானத்தில் ஆடுகிறவன். ஐந்தடி நான்கு அங்குலம். அவனைப் பார்த்ததும் நான் வில்சனிடம் கேட்டேன், இது இரவல் கால் என்று தெரியும், பாதிக் காலாகவே கொடுத்திருக்கிறார்களே என்று. நான்கு பேர் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், அவனுக்குத் தமிழ் தெரியாது.

எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் ஆட்டக்காரனுக்கு ஓட்டல் சோறு கிடையாது. ஆட்டக்காரர்கள் வீட்டில் முறை வைத்துச் சாப்பாடு. லால்ரெமாவுக்கு முறை எல்லாம் இல்லாமல் போய்விட்டது. மூன்று வேளையும் ஜோயல் வீட்டில்தான். ஜோயல் யார் என்று கேட்க மாட்டீர்களா? இந்த அறிக்கையே அவனைப் பற்றித்தான். எங்கள் பிள்ளை. பத்தொன்பது வயது. இடது கால். அவன் அம்மா சுகந்தி மாநகராட்சியில் துப்புரவுப் பணி, அதுவும் ஒப்பந்தத்தில். நிரந்தரம் கேட்டு ரிப்பன் கட்டிடத்துக்கு எதிரே பதினொரு நாள் உட்கார்ந்தோமே, அதில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். சுகந்தியின் அப்பா மோசஸ் மில்லில் என் கூட்டாளி. மூன்று தலைமுறையாக என் கை அணைப்பில் இருக்கிற குடும்பம் என்று சொல்லலாம்.

பாருங்கள், மறுபடியும் அடிக்கிறது. சுகந்திதான். அடித்து அடித்து ஓயட்டும்.

அந்த சீசனைச் சொல்கிறேன். செப்டம்பரில் ஆரம்பித்தது. டிசம்பர் முடிவில் கழகம் மூன்றாவது இடத்தில். ஊரே துள்ளுகிறது. பத்தாவது இடத்திலிருந்து மூன்றாவது இடம். லால்ரெமாவை லாலு என்று கூப்பிடுகிறார்கள். அவன் எல்லாரையும் மச்சான் என்கிறான். அறுபது வயது டீக்கடைக்காரரையும் மச்சான் என்கிறான். நான் என்ன செய்தேன்? ஒவ்வொரு மேட்சுக்கும் மைதானத்து வாசலில் ஒற்றை ஆளாக நின்று ரோஸ் தாள் கொடுத்தேன். 'இந்த வெற்றி யாருடைய வெற்றி?' என்று தலைப்பு. எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். ஒருவன்கூடக் கீழே போடவில்லை. படிக்கட்டு ஈரமாக இருந்தது, போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். வீட்டுக்கு எடுத்துப் போனவர்களும் உண்டு.

ஜோயலைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவன் ஆட்டம் எப்படிப்பட்டது தெரியுமா? பந்து காலுக்கு வந்தால் நான்கு பேரை வெட்டுவான். நான்கு பேரையும். ஐந்தாவது ஆளிடம் பந்து போய்விடும், அது வேறு. ஆனால் அந்த நான்கு பேரை வெட்டுவதைப் பார்க்கத்தான் ஜனம் வரும். அது எங்கள் மண்ணின் ஆட்டம். அந்த மிசோரம் பையனோடு சேர்ந்த பிறகு என்ன ஆனது? பிராக்டிஸ் முடிந்த பிறகும் இரண்டு பேரும் ஹவுசிங் போர்டு சுவரில் பந்தை அடித்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு மணி நேரம். சுவரில் பட்டு வருகிற பந்தை ஒரே தொடுதலில் கொடுக்க வேண்டும். தொடு, கொடு, ஓடு. தொடு, கொடு, ஓடு. அவ்வளவுதான். ஜோயல் வெட்டுவதையே விட்டுவிட்டான். பந்தைக் கொடுத்துவிட்டுக் காலி இடத்துக்கு ஓடுகிறான், லால்ரெமா அங்கே பந்தைக் கொண்டு போய் வைக்கிறான், இவன் அடிக்கிறான். பதினொரு கோல். அதற்கு முந்தைய சீசனில் மூன்று. எல்லாம் லாலு சொல்லிக் கொடுத்தது என்றான் வில்சன். அடப் போய்யா. பதினொன்றும் அடித்தது எங்கள் பிள்ளையின் கால். சுவர் எங்கள் ஹவுசிங் போர்டு சுவர்.

இனி லோனின் லட்சணத்தைக் கேளுங்கள். டிசம்பர் கடைசியில் அந்தப் பெரிய கிளப்பின் இரண்டாவது டீமோடு எங்களுக்கு மேட்ச். ஒப்பந்தத்தில் ஒரு வரி. லோனில் போன பையன் சொந்தக் கிளப்புக்கு எதிராக இறங்கக் கூடாது. மூன்று பேரும் கைலியைக் கட்டிக்கொண்டு கேலரியில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று மாதமாக பெஞ்சில் இருந்த யுவராஜை அவசரமாக எழுப்பி இறக்கினான் வில்சன். அவன் எங்கள் பையன், லால்ரெமா வந்ததால் இடம் போனவன். அறுபதாவது நிமிடத்தில் இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டு விழுந்தான். நான்கு பூஜ்யம் என்று தோற்றோம். அந்த மேட்சுக்குப் பிறகு யுவராஜ் பூட்ஸைக் கட்டவே இல்லை. பார்சல் கொடுக்கிற வேலைக்குப் போய்விட்டான். இது என் அறிக்கையில் இரண்டாவது பத்தியில் இருக்கிறது, பாருங்கள். 'இரவல் பையனுக்கு விரித்த பாயில் சொந்தப் பிள்ளை படுக்க இடமில்லை.' இதற்கு இன்று வரை வில்சனால் பதில் சொல்ல முடியவில்லை. நானா? யுவராஜைப் போய்ப் பார்க்கவில்லை. எனக்கு எங்கே நேரம்? ஆனால் அவன் பெயரை எழுதிவிட்டேன், நிலைத்துவிடும்.

ஜனவரி பதினேழாம் தேதி, பொங்கல் கூட முழுசாக முடியவில்லை, ஒரு போன். அவர்கள் டீமில் யாருக்கோ முழங்கால் போய்விட்டது, லால்ரெமா உடனே வர வேண்டும். உடனே என்றால் உடனே. மதியம் போன், சாயங்காலம் ரயில். கொடியில் அவன் சாக்ஸ் ஈரமாகத் தொங்குகிறது. ஜோயல் அதைப் பிழிந்து பாலிதீன் பையில் போட்டு சென்ட்ரல் வரை கொண்டு போனான். கிளம்புமுன் அந்தப் பையன் என்னிடம் வந்து கையை நீட்டினான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை, அந்த முறையின் மேல்தான். அது அவனுக்குப் புரிந்திருக்கும். 'தேங்க்யூ தோழர்' என்றான். தோழர் என்பதுதான் என் பெயர் என்று கடைசி வரை நினைத்துக்கொண்டிருந்தான்.

சீசன் முடிவில் ஆறாவது இடம். ஆறு. இரவல் காலோடு மூன்றிலிருந்து ஆறுக்கு இறங்கினோம். சொந்தக் காலில் நின்றபோது பத்தாவது இடத்தில் ஆடாமல் அசையாமல் இருந்தோம். எது மரியாதை?

ஏப்ரலில் பொதுக்குழு. என்னைச் செயலாளராக ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். என்ன பாய் சிரிக்கிறீர்கள்? ஆமாம், வேறு யாரும் நிற்கவில்லை. மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிற வேலையும் செயலாளர் தலையில்தான், அதனால் நிற்க மாட்டார்கள். ஏகமனது என்றால் ஏகமனதுதான்.

பாருங்கள், நான் பொறுப்பேற்று ஒரு மாதம் ஆகவில்லை, வருகிறது கடிதம். அதே பெரிய கிளப். ஜோயல் வேண்டுமாம். லோனில். ஒரு சீசன். லால்ரெமா எப்படி ஆடுகிறான் என்று பார்க்க சீசனில் மூன்று தடவை ஆள் அனுப்பியிருந்தார்கள், அந்த ஆள் வந்தது அவனைப் பார்க்க, பார்த்துவிட்டுப் போனது ஜோயலை. இதுதான் தந்திரம். மூன்று பதலியை உள்ளே விட்டு வீட்டை நோட்டம் பார்ப்பது. அவர்கள் பையன்களோடு தங்கி, அவர்கள் கோச்சிடம் ஆடி, இருபத்தொரு வயதுக்கு உட்பட்டவர்கள் டீமில் ஆடி, அடுத்த வருடம் திரும்பி வந்துவிடுவானாம். வில்சன் குதிக்கிறான். கமிட்டி குதிக்கிறது. பதினொன்றுக்கு இரண்டு. அந்த இரண்டில் ஒன்று நான். இன்னொன்று இரத்தினவேலு, அவனுக்குக் காது மந்தம், நான் கை தூக்கினால் அவனும் தூக்குவான்.

ஆனால் அவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். கழக விதிமுறை, பதினான்காவது விதி. 'செயலாளரின் கையொப்பமும் கழக முத்திரையும் இன்றி எந்த ஆட்டக்காரரும் வேறு கழகத்துக்கு ஆட விடுவிக்கப்பட மாட்டார்.' எண்பத்து நான்கில் என் கையால் எழுதியது. பணக்காரக் கிளப்புகள் எங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க. கமிட்டி நூறு ஓட்டுப் போடட்டும். முத்திரை இந்தப் பையில் இருக்கிறது. இதோ. மரக் கைப்பிடி, பித்தளை. நடுவில் பந்து, சுற்றிப் பற்சக்கரம். பந்துக்கும் சக்கரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பார்கள், அது பழசானதால்.

ஜோயல் மைதானத்தில் என்னிடம் வந்தான். சுண்ணாம்பு வாளியை அவனே வாங்கிக்கொண்டு கூடவே நடந்தான். ஒரு சீசன்தான் தோழர், திரும்பி வந்துடுவேன் என்றான். ஆட்குறைப்பு செய்தபோது மானேஜரும் இதையேதான் சொன்னார் என்றேன். அங்கே முப்பது பேரில் ஒருவனாக பெஞ்சில் உட்காருவாய் என்றேன். உட்கார்ந்தாலும் பரவாயில்லை, லாலுவும் அங்கேதான் இருக்கிறான் என்றான். நான் நின்று அவன் தோளைப் பிடித்துச் சொன்னேன், ஜோயல், நீ இந்த மண்ணின் சொத்து.

"சொத்தா, தோழர்?" என்றான்.

ஆமாம் என்றேன். கோடு முழுவதையும் அவனே போட்டு முடித்துவிட்டுப் போனான். பெருமையில் வாயடைத்துப் போய்விட்டது பையனுக்கு.

நான்கு முப்பத்தைந்தா? உங்கள் கடிகாரம் சரியாக ஓடுகிறதா? சரி, சரி.

பாய், அந்த இங்க் பேடை மூடி வையுங்கள். காய்ந்துவிடும்.

கேளுங்கள் இவர் சொல்வதை. "தோழர், பேடு இங்கேயே இருக்கு. முத்திரை உங்க பையில இருக்கு. பையன் கடிதத்தோட நம்ம கடைக்கு வந்தா ரெண்டு நிமிஷ வேலை" என்கிறார். எனக்குத் தெரியாதா? லீக் அலுவலகம் இங்கிருந்து பத்து நிமிடம். ஐந்து மணிக்கு மூடுவார்கள். லோன் மாற்றம் எல்லாம் இன்றோடு முடிவு, அடுத்த சீசனுக்குப் பிறகுதான் மறுபடி திறப்பார்கள். ஜோயலும் வில்சனும் கடிதத்தை வைத்துக்கொண்டு காலை எட்டு மணியிலிருந்து கழக அறை வாசலில் நிற்கிறார்கள். நான் பின்பக்கம் குழாயடி வழியாக வந்துவிட்டேன். ஒளிந்துகொள்ளவில்லை. எனக்கு அச்சகத்தில் வேலை இருந்தது.

எழுபத்தொன்பது என்றேனே, அதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு என்னைப் புரியாது. அப்போது எண்ணூரில் புதுத் தொழிற்சாலை திறந்தார்கள். மில்லைவிட ஒன்றரை மடங்கு கூலி. எங்கள் ஆட்கள் நாற்பது ஐம்பது பேருக்கு அங்கே இடம் கிடைத்தது. மோசஸுக்கும் கிடைத்தது. போக முடியவில்லை. ஏன்? மானேஜர் விடுவிப்புக் கடிதம் தர மாட்டேன் என்றார். கடிதம் இல்லாமல் அங்கே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். வேலை பழக்கியது நாங்கள், நீங்கள் இந்த மில்லின் ஆட்கள் என்றார். முத்திரையை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிக்கொண்டு கடைசித் தேதி தாண்டும்வரை மூன்று நாள் ஆபீசுக்கே வரவில்லை அந்த மனிதர். பயங்கொள்ளி. நேருக்கு நேர் நின்று இல்லை என்று சொல்லத் தைரியம் இல்லாதவர். நாற்பத்து மூன்று நாள் வேலைநிறுத்தம். நான்தான் அறிக்கை எழுதினேன். 'போக உரிமை இல்லாதவன் தொழிலாளி இல்லை, அடிமை.' முப்பது வயதில் எழுதிய வரி. அந்த ஒரு வரிக்காக மில் கேட்டில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கியவர்களில் மோசஸ் ஒருவன். ஜெயித்தோம். கடிதம் கொடுத்தார்கள். மோசஸ் எண்ணூருக்குப் போனான், அந்தச் சம்பளத்தில்தான் சுகந்தியைப் படிக்க வைத்தான். பத்தாவது வரை.

போன ஞாயிற்றுக்கிழமை சுகந்தி என் வீட்டுக்கு வந்தாள். வேலை முடிந்து மஸ்டர் ரோலில் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்தப் பச்சை அங்கியோடு அப்படியே வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். அதற்குள் ரோஸ் தாள். ரோஸ் என்று எனக்குத்தான் தெரியும், வெளுத்து மண் நிறமாகிவிட்டது. மோசஸ் அதை பைபிளுக்குள் வைத்திருந்தானாம்.

"இது நீங்க எழுதினதுதானே, பெரியப்பா?" என்றாள்.

வாங்கிப் படித்தேன். முழுவதும் படித்தேன். நல்ல எழுத்து. இப்போது யாருக்கு இப்படி எழுத வருகிறது? நாற்பத்தைந்து வருடம் ஒரு தொழிலாளி என் அறிக்கையைப் பத்திரமாக வைத்திருக்கிறான். அதை அவளிடம் சொன்னேன். உன் அப்பா மாதிரி ஆட்கள் இருந்ததால்தான் அன்றைக்கு ஜெயித்தோம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "நல்லா படிச்சீங்களா?" என்றாள்.

படித்தேன் என்றேன்.

"அப்போ கையெழுத்துப் போடுங்க. எம் புள்ளைக்கு எங்க ஏரியாவுல ரெண்டே வேலைதான் காத்துக்கிட்டு இருக்கு. ஒண்ணு யுவராஜ் பாக்கிறது, இன்னொண்ணு நான் பாக்கிறது."

பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அம்மா, அது மில், இது கழகம். அது முதலாளி, இது நாம். முதலாளி ஒருவனைப் போக விடாமல் பிடித்து வைத்தால் அது சுரண்டல். நாமே நம் பிள்ளையைப் பிடித்து வைத்தால் அது பாதுகாப்பு. இந்த வித்தியாசம் உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாய். அவள் முழுசாகக் கேட்டாள். கடைசியில், வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு பெரியப்பா, நான் போன் பண்ணிக்கிட்டே இருப்பேன், எடுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தத் தாளை மேஜையிலேயே விட்டுவிட்டாள். கழக ஆவணத்தில் சேர்த்துவிட்டேன். முக்கியமான வரலாற்றுச் சான்று.

இன்று வெள்ளி. இருபத்திரண்டு தடவை அடித்திருக்கிறாள். சொன்ன சொல் தவறாதவள், அந்த ஒன்று அவளிடம் எனக்குப் பிடிக்கும்.

அதோ. இருபத்து மூன்று.

பாருங்கள், பாய் என் முகத்தையே பார்க்கிறார். எடுத்து என்ன சொல்வது? அறிக்கையில் எல்லாம் இருக்கிறது. ஐந்நூறு பிரதி. நாளைக்கே அவள் வீட்டுக்கு முதல் பிரதி போகும். மூன்றாவது பத்தியைப் படித்தால் அவளே ஒத்துக்கொள்வாள். 'நம் ஜோயல் போய்விட்டால் நம் மைதானத்தில் யார் கால் ஓடும்?' என்று கேட்டிருக்கிறேன். அதற்கு யாரால் பதில் சொல்ல முடியும்?

என்ன பாய்? "அஞ்சு மணிக்கு அப்புறம் இந்த நோட்டீசு யாருக்கு, தோழர்?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி. நாற்பது வருடமாக அச்சடித்தும் இவருக்கு இது புரியவில்லை. ஒரு போராட்டம் முடிந்தாலும் அறிக்கை இருக்கும். மோசஸ் வைத்திருந்தானே பைபிளுக்குள், அந்த மாதிரி இருக்கும்.

கரண்ட் வந்துவிட்டது. ஃபேனுக்குக் கீழே அந்தத் தாள் கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், பறக்கும். பாய், என்னுடையதை முதலில் ஓட்டுங்கள், பிறகு இவர் பத்திரிகை. கல்யாணம் அடுத்த மாதம்தானே.

இந்த மெஷின் சத்தம் எனக்குப் பிடிக்கும். தறி ஓடுகிற மாதிரியே இருக்கும். பாருங்கள், வருகிறது. ஈரம் காயட்டும், கையில் ஒட்டும். முதல் பிரதி உங்களுக்கே. மடிக்காமல் கொண்டு போங்கள். ஓசூரில் சம்பந்தி வீட்டிலும் காட்டுங்கள்.

மணி என்ன?

ஐந்து ஆறா.

முடிந்தது. பார்த்தீர்களா, போனும் நின்றுவிட்டது. புரிந்துகொண்டாள். கடைசியில் புரிந்துகொள்வார்கள், கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். ஆறு மணிக்குப் பிராக்டிஸ் இருக்கிறது, ஜோயல் வருவான். கொஞ்சம் முறைத்துக்கொள்வான், இரண்டு நாள். பிறகு சரியாகிவிடும். வராமல் எங்கே போவான்? வேறு எங்கே போக முடியும்?

அறிக்கையை எண்ண வேண்டாம் பாய், உங்கள் மேல் நம்பிக்கை உண்டு. அப்படியே கட்டுங்கள்.

நான்கு ஐம்பத்தெட்டுக்குப் பிறகு ஒரு தடவைகூட அடிக்கவில்லை. திட்டுவதற்காவது அடிப்பாள் என்று நினைத்தேன். இவ்வளவு நேரம் அடிக்காமல் இருக்க மாட்டாளே. இந்தப் போன் பழசு, சில நேரம் தானாகவே செத்துப் போகும். பாய், இதில் சார்ஜ் இருக்கிறதா பாருங்கள். இருக்கிறதா? சிக்னல் கோடும் காட்டுகிறதா?

உங்களிடம் போன் இருக்கிறது இல்லையா? நான் சொல்கிற நம்பரைப் போடுங்கள். என் நம்பர்தான். ஒரே ஒரு தடவை. வேறு ஒன்றுமில்லை, சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

அடிக்கிறதே.

போதும், வையுங்கள். அடிக்கிறது.